நடுப்பகல் மின்சாரம் யாருக்கு?

சென்ற மாதம் எங்கள் சொசைட்டியின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஸ்மார்ட் மீட்டர் விவகாரம் வந்தது. நாற்பத்தெட்டுக் குடும்பங்கள் உள்ள கட்டிடம். தண்ணீர்ப் பிரச்சினைக்குக்கூட இருபது பேருக்கு மேல் வராத கூட்டத்துக்கு அன்று நாற்காலி போதவில்லை. "புது மீட்டர் வேகமாக ஓடுகிறதாம்" என்றார் ஒருவர். "சாயங்காலம் விளக்குப் போட்டால் கூடுதல் கட்டணமாம்" என்றார் இன்னொருவர். மூன்றாவது மாடிக் குஜராத்தி அன்பர், மீட்டர் பொருத்த வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று தீர்மானம் போடச் சொன்னார். பலத்த கைதட்டல். கடைசியில் செக்ரட்டரி என் பக்கம் திரும்பி, "நீங்கள் ரயில்வேயில் எலெக்ட்ரிக்கல்தானே, நீங்கள் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டினார்.

ஐந்து நிமிடம் பேசினேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. மீதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். மீட்டரை எதிர்ப்பது வீண் வேலை. ஆனால் அந்த மீட்டரை வைத்துக்கொண்டு எழுதப்படும் கட்டண விதியைப் படிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. விதியில் பாதி நமக்கு நல்லது. மறுபாதி, வேலைக்குப் போய்வரும் குடும்பங்களின் தலையில் விழக்கூடியது.

விதி இதுதான். மத்திய அரசு 2020 டிசம்பர் 31 அன்று மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. அவற்றில் 2023 ஜூன் மாதம் ஒரு திருத்தம் வந்தது. நாளின் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறவேண்டும் என்பது அதன் சாரம். வெயில் உள்ள எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்கவேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் மின்சாரம் கேட்கும் உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். பத்துக் கிலோவாட்டுக்கு மேற்பட்ட கடைகள், தொழிற்சாலைகளுக்குக் குறைந்தது 20 சதவீதம் கூடுதல். பெரியவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல். விவசாயம் தவிர மற்ற அனைவருக்கும் 2025 ஏப்ரல் முதல். வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் ஏறியதும் இது பொருந்தும். எந்த நேரம் வெயில் நேரம், எந்த நேரம் உச்ச நேரம், எவ்வளவு காசு என்பதையெல்லாம் அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் தன் ஆணையில் வகுக்கும். நம் இதழ் தில்லிக்கும் நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் போவதால் மத்திய விதியை வைத்தே பேசுகிறேன். உங்கள் மாநில ஆணையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விதியின் நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் பணிக்காலம் முழுவதும் இதே கணக்கோடுதான் மல்லுக்கட்டினேன். ரயில்வேக்கு மின்சாரம் தரும் நிறுவனம், நாம் எடுத்த யூனிட்டுக்கு மட்டும் பணம் கேட்காது. மாதத்தில் எப்போதாவது ஒரு அரை மணி நேரம் ஒப்பந்த அளவைத் தாண்டிவிட்டாலும் தண்டம். காட் பகுதியில், அதாவது கசாராவிலிருந்து இகத்புரிக்கும் கர்ஜத்திலிருந்து லோனாவ்லாவுக்கும் ஏறும் மலைப்பாதையில், பின்னால் எஞ்சின்கள் தள்ள ஒரு சரக்கு வண்டி ஏறத் தொடங்கினால் மீட்டரைப் பார்க்கவே பயமாக இருக்கும். அதே சமயம் இன்னொன்றும் ஏறினால் கதை முடிந்தது. ஆகவே கன்ட்ரோலில் இருப்பவர்கள் ஒரு சரக்கு வண்டியைப் பத்து நிமிடம் அடிவாரத்தில் நிறுத்திவைப்பார்கள். நிலக்கரி அழாது, சிமெண்ட் மூட்டை சண்டைக்கு வராது. ஆனால் காலை எட்டரை மணி லோக்கலை நிறுத்திவைக்க முடியுமா? தாணேயில் தண்டவாளத்தில் இறங்கிவிடுவார்கள்.

வீட்டு மின்சாரத்திலும் சரக்கு வண்டி உண்டு, லோக்கல் வண்டியும் உண்டு. துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் பம்பு, மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏற்றுவது இவையெல்லாம் சரக்கு வண்டி. நடுப்பகல்வரை காத்திருக்கும். மாலை ஏழு மணிக்குச் சமையலறை விளக்கு, குழந்தை படிக்கும் அறையின் மின்விசிறி இவையெல்லாம் லோக்கல் வண்டி. அவற்றை மத்தியானத்துக்கு மாற்று என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. சரக்கு வண்டியைத் தள்ளிவைத்தால் தள்ளுபடி தருவது நியாயம். லோக்கல் வண்டி ஓடுகிறதே என்று அபராதம் போடுவது எந்த ஊர் நியாயம்?

சும்மா வாய்ச்சொல்லாக இருக்கக்கூடாது என்று ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக எங்கள் வீட்டு மீட்டரை எழுதிவந்தேன். (என் மனைவி இதைப் பற்றிச் சொன்ன கருத்தை அச்சில் ஏற்ற இயலாது.) நாங்கள் இருவரும் வீட்டிலேயே இருப்பவர்கள். நாளுக்குச் சராசரி 8 யூனிட். அதில் 3 யூனிட் பகல் எட்டு மணி நேரத்திலும் 3 யூனிட் மாலை உச்ச நேரத்திலும் போகிறது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், பகலில் 4 ரூபாய் 80 காசு மிச்சம். மாலையில் 2 ரூபாய் 40 காசு கூடுதல். மாதத்துக்கு 72 ரூபாய் எனக்கு லாபம். பிறகு எதிர் வீட்டுத் தம்பதியின் மீட்டரை அவர்கள் சம்மதத்துடன் எழுதினேன். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒன்பது மணிக்குப் பூட்டிய வீட்டை ஏழு மணிக்குத்தான் திறக்கிறார்கள். பகலில் ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுகிறது, 1.2 யூனிட். மாலையில் 5 யூனிட். பகலில் 1 ரூபாய் 92 காசு மிச்சம், மாலையில் 4 ரூபாய் கூடுதல். மாதத்துக்கு 62 ரூபாய் நஷ்டம்.

தொகை சிறியதுதான். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பென்ஷன் கிழவனுக்கு லாபம். விரார் லோக்கலில் நசுங்கி வருகிறவர்களுக்கு நஷ்டம். அதுவும் 20, 10 என்பவை குறைந்தபட்சம்தான். ஆணையம் நாளை 10ஐ 25 ஆக்கினாலும் விதி தடுக்காது.

எங்கள் பகுதியில் மாவு அக்கா என்று எல்லாரும் அழைக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர். இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். (வீட்டு மீட்டரில் வியாபாரமா என்று எந்த வாசகரும் கடிதம் எழுத வேண்டாம்.) ஒரு குதிரைத்திறன் கிரைண்டர், மாலை ஆறு முதல் ஒன்பதுவரை ஓடும். நாளுக்கு இரண்டேகால் யூனிட், மாதம் 67 யூனிட். உச்ச நேரத்திலிருந்து வெயில் நேரத்துக்கு மாற்றினால் மாதம் 160 ரூபாய் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"அண்ணாச்சி, ராத்திரி அரைச்சாதான் காலையில பொங்கி நிக்கும். மத்தியானம் அரைச்சா இந்த ஊரு வெக்கைக்குச் சாயந்திரமே புளிச்சிரும். புளிச்ச மாவ ஆரு வாங்குவா?"

"ஃப்ரிட்ஜில் வைக்கலாமே, தங்கச்சி."

"அம்புட்டு மாவையும் வைக்க எம்மாம் பெரிய ஃப்ரிட்ஜ் வேணும்? அது கரண்டு குடிக்காதா?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒழுங்குமுறை ஆணையத்தில் இருப்பவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஆனால் உளுந்து எத்தனை மணிக்குப் பொங்கும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துத் தலையில் சுமந்து மும்பை முழுக்க விற்கும் நம் மக்களுக்கும் இதே கதைதான்.

சரி, நடுப்பகல் மின்சாரம் ஏன் மலிவு? இங்கே கொஞ்சம் ஊர்க்கதை சொல்ல அனுமதியுங்கள். நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்து 1982இல் பம்பாய்க்கு ரயிலேறியபோது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மட்டும்தான் இருந்தது, காற்றாலை இல்லை. பிறகு முப்பந்தல் முழுக்கக் காற்றாலைகள் முளைத்தன. 2012இல் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு விசித்திரம் பார்த்தேன். சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த ஆண்டு அது. ஆனால் ஆடிக்காற்று கொட்டும் மாதங்களில் சில நேரம் காற்றாலைகளை நிறுத்தச் சொல்வார்கள். மின்சாரம் மிஞ்சும்போது வெளியே அனுப்பப் போதிய கம்பி இல்லை. வேண்டும்போது வெளியிலிருந்து வாங்கவும் அதே தடை. தென்மாநிலங்களின் மின்தொகுப்பு மற்ற இந்தியாவோடு சில நேர்மின் இணைப்புகளால் மட்டுமே தொட்டுக்கொண்டு தனித்தீவாக இருந்தது. அப்படி இருந்ததில் ஒரு நன்மையும் உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் இருண்டு அறுபது கோடிக்கும் மேலான மக்கள் தவித்தபோது தெற்கு தப்பியது.

2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் கம்பி இணைந்தது. நாம் ஊருக்குப் போகும்போது நம் வண்டி கடக்கும் அதே சோலாப்பூர், அதே ரெய்ச்சூர்தான். அன்றிலிருந்து கன்னியாகுமரி முதல் காஷ்மீர்வரை ஒரே அலைவெண். ஒரே வேகத்தில் சுழலும் ஒரே பெரிய இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே, 2008இல், மின்சாரத்தை ஏலத்தில் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. தெற்கே கம்பி போதாத காலத்தில் அந்த எக்ஸ்சேஞ்சிலேயே தென்மாநிலங்களுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு வேறொரு விலை. நாம்தான் அதிகம் கொடுத்தோம். கம்பி வந்தபின் அந்த வித்தியாசம் கரைந்தது. சந்தை ஒன்றாவதால் சாமானியனுக்கு நன்மை உண்டா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

இன்று அந்தச் சந்தையில் நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடங்களாக வெட்டி விலை போடுகிறார்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. 2025 மத்தியில், நாட்டின் மின்நிலையத் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாதவை என்ற நிலை வந்தது. ஆனால் திறன் வேறு, உண்மையில் கிடைக்கும் மின்சாரம் வேறு. சூரியன் ஆறரை மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே உற்பத்தியில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிடம்தான். நடுப்பகலில் விலை சரிகிறது. இதமான சில நாட்களில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகிறது. இரவில் அதே மின்சாரம் ஆணையம் வைத்த 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடுவதும் உண்டு. மாலையில் நாம் போடும் ஒவ்வொரு கூடுதல் சுவிட்சுக்கும் எங்கோ ஒரு நிலக்கரிக் கொதிகலன் பதில் சொல்கிறது. அதைக் குறைக்கவேண்டும் என்பதில் பேரப்பிள்ளைகள் உள்ள யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ஆனால் அந்த மலிவு விலை நம் பில்லுக்கு ஏன் வந்து சேரவில்லை? நம் விநியோக நிறுவனங்கள் பெரும்பகுதி மின்சாரத்தை 25 ஆண்டு ஒப்பந்தங்களில் வாங்குகின்றன. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்துக்கு நிலைக்கட்டணம் உண்டு. எக்ஸ்சேஞ்சில் வாங்குவது ஊறுகாய் மாதிரி. சந்தையின் முழு ருசியைப் பார்ப்பவர்கள் தாமே நேராக வாங்கும் பெரியவர்கள்தான். எங்கள் ரயில்வேயே அப்படிச் செய்தது. 2015 நவம்பர் கடைசியில் மகாராஷ்டிரத்தில் நேரடியாக மின்சாரம் வாங்கத் தொடங்கியது. அன்று எங்கள் ஆபீசில் பேடா வழங்கினோம். செலவு கணிசமாகக் குறைந்தது உண்மை. ஆனால் ரயில்வே போன்ற பெரிய வாடிக்கையாளர் கூடுதல் கட்டணம் கட்டியதால்தான் சின்ன வீடுகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் குறைந்த விலை கட்டுப்படியானது. பெரியவர் வெளியேறினால் அந்தச் சுமை யார்மேல்? இந்தக் கேள்வியோடு ரயில்வேக்கும் மாநில மின் நிறுவனங்களுக்கும் நடந்த வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்வரை போனது. பேடா தின்றவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மின் நிறுவனங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. மும்பைப் புறநகரில் 2009க்குப் பிறகு ஒரே கம்பியில் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை கிடைத்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. மாறிப் போகிறவர்கள்மேல் கூடுதல் வரி போட்டு, சிறிய நுகர்வோரை முன்னிறுத்தி ஆணையம் தலையிட வேண்டியதாயிற்று.

இன்னொரு விஷயம், இது என் மனதை விட்டுப் போகாதது. 2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு மும்பை முழுக்க மின்சாரம் நின்றது. லோக்கல் வண்டிகள் நின்ற இடத்தில் நின்றன. நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் சம்பந்தி கொரோனாவிலிருந்து தேறி, வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு இருந்தார். லிப்ட் ஓடவில்லை. என் மாப்பிள்ளையும் வாட்ச்மேனும் சிலிண்டரை ஆறு மாடி தோளில் ஏற்றினார்கள். நான் கீழே நின்று ஒவ்வொரு மாடியாக எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று நடந்தது மின்தொகுப்புக் கோளாறு, யார்மேலும் கோபப்படுவதற்கில்லை. ஆனால் ஸ்மார்ட் மீட்டரில் தொலைவிலிருந்தே ஒரு பொத்தானால் ஒரு வீட்டைத் துண்டிக்கும் வசதி இருக்கிறது. முன்பணம் தீர்ந்தால் தானாகவே துண்டிக்கும் வகையும் உண்டு. முன்பு துண்டிக்க ஓர் ஆள் ஏணியோடு வரவேண்டும்; அவனிடம் "வீட்டில் நோயாளி இருக்கிறார் அப்பா" என்று சொல்லலாம். பொத்தானிடம் என்ன சொல்வது? நோயாளி உள்ள வீடுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, எழுத்து மூலம் அறிவிக்காமல், இரவிலோ விடுமுறையிலோ துண்டிக்கக்கூடாது என்று விதியிலேயே எழுதவேண்டும்.

நமக்கு இருக்கும் உரிமைகளை நாம் கேட்பதில்லை என்பதும் உண்மை. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகமா? 2024 பிப்ரவரித் திருத்தத்தின்படி, புகார் கொடுத்த ஐந்து நாளில் சரிபார்ப்பு மீட்டர் ஒன்றைப் பக்கத்தில் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுக் காட்டவேண்டும். கூட்டத்தில் கூச்சல் போட்ட ஒருவர்கூட அந்தப் புகாரை எழுதவில்லை. பெருநகரில் புது இணைப்பு மூன்று நாளில் தரவேண்டும். மொட்டைமாடியில் 10 கிலோவாட்வரை சூரியத் தகடு போடத் தொழில்நுட்ப ஆய்வு என்று இழுத்தடிக்க முடியாது. ஸ்மார்ட் மீட்டர் எடுக்கும் அளவைத் தினமும் நாம் பார்க்கும்படி தரவேண்டும் என்பதும் விதிதான். பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரன் பேத்திகள் காட்டித் தரலாம். சினிமாப் பாட்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம் போதும்.

என் கருத்து இவ்வளவுதான். பகல் தள்ளுபடி எல்லாருக்கும் கட்டாயமாக இருக்கட்டும், சொசைட்டியின் பொது மீட்டர் உட்பட. மாலைக் கூடுதல் கட்டணம் மாதம் 200 யூனிட்டுக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு வேண்டாம். மற்றவர்களுக்கும் முதல் ஓராண்டு பழைய முறை பில், புது முறை பில் இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கட்டும். வாங்கும் விலை ஏறினால் மாதாமாதம் தானாக நம் பில்லில் ஏற்ற விதி இருக்கிறது. இறங்கினால் இறக்கவும் அதே விதியில் இடம் உண்டு. நடுப்பகல் விலை சரிந்த மாதத்தில் அப்படி இறங்கிய பில் உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்?

எங்கள் சொசைட்டியில் மீட்டர் எதிர்ப்புத் தீர்மானம் கடைசியில் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குப் பதில் பம்பு ஓடும் நேரத்தை மாற்றினோம். ஏழரைக் குதிரைத்திறன் பம்பு, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மாநகராட்சித் தண்ணீர் விடியற்காலையில் கீழ்த்தொட்டிக்கு வந்துவிடும். மேலே ஏற்றும் வேலை மத்தியானம்வரை காத்திருக்கலாம். நாளுக்கு 22 யூனிட். நேரக் கட்டணம் வந்ததும் மாதம் ஆயிரத்திலிருந்து ஆயிரத்தறுநூறு ரூபாய்வரை மிச்சமாகும் என்பது என் கணக்கு. மேல்தொட்டி சற்றுச் சிறியது என்பதால் முதல் வாரம் மேல்மாடிக்காரர்களிடம் திட்டு வாங்கினேன். மிதவை சுவிட்சை மாற்றியபின் சரியாயிற்று.

மாவு அக்காவுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. கட்டண மனுக்கள்மேல் ஆணையம் பொது விசாரணை நடத்தும்போது யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் கொடுக்கலாம். நேரில் போய்ப் பேசவும் செய்யலாம். நான் போகப்போகிறேன். என் ஒருவன் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசினால் எடுபடாது. நாற்பது ஐம்பது வீடுகளின் கணக்கு வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள், வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள், நோயாளி உள்ள வீடுகள் முக்கியம். கடந்த பன்னிரண்டு மாத பில்களின் நகலைக் கொண்டுவாருங்கள். பெயரையும் நுகர்வோர் எண்ணையும் பேனாவால் அடித்துவிட்டுத் தந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து முதல் பன்னிரண்டுவரை சங்க நூலகத்தில் இருப்பேன்.